சைவம் என்று எழுதிய சீட்டு

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் மனைவியும் நாகர்கோவிலுக்குக் கிளம்புகிறீர்கள். கல்யாணம் முடிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அங்கே கடை பிடித்து, அடுப்பு வைத்து, கண்ணாடி அலமாரிக்கு ஆசாரி பார்த்து, எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்து, "அப்பா, ஞாயித்துக்கெழம கெளம்புதோம்" என்றாய். கேட்கவில்லை, சொன்னாய். நான் பதிலுக்கு, "போ, அங்கனயும் போயி எவம் பிள்ளையையாவது ஆஸ்பத்திரியில படுக்கப் போடு" என்றேன். உன் மனைவி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்தேன். அவளுக்கு நம் கடையில் நடந்தது எதுவும் தெரியாது என்பதும், இனி அவள் அதை உன்னிடம் கேட்பாள் என்பதும், நீ தலையைக் குனிந்துகொண்டு சொல்லவேண்டி வரும் என்பதும் தெரிந்தேதான் சொன்னேன். உன் அப்பன் இப்படிப்பட்டவன். ஒரு கடிதம் எழுதுவதால் மாறிவிட்டான் என்று நினைத்துவிடாதே.

இதை நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் உன் முகத்தைப் பார்த்தால் என் வாய்க்குக் கடிக்கத்தான் வருகிறது. உன் பொறுமையைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. நீ ஒரு தடவையாவது திருப்பிக் கத்தியிருந்தால் நான் அடங்கியிருப்பேனோ என்னவோ. நீ எப்போதும், "சரிப்பா" என்பாய். அந்த "சரிப்பா"வைக் கேட்டுக் கேட்டு என் நாக்கு நீண்டுபோயிற்று. அதனால்தான் ரொட்டி சுற்றும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கேக் மாஸ்டர் சாப்பிடப் போயிருக்கும் மத்தியானத்தில் இதை எழுதுகிறேன். உன் முகம் இல்லாத இடத்தில்தான் எனக்கு உண்மை வருகிறது.

நான் பேக்கரி வைத்த கதை உனக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் அதில் உண்டு. நம்முடையது சைவக் குடும்பம். ஆற்றுப் பாசனத்தில் இருந்த வயல் என் அப்பா காலத்திலேயே கையை விட்டுப் போய், மிச்சமிருந்தது வீம்பு மட்டும்தான். வண்ணார்பேட்டையில் நான் கடை திறந்த அன்றைக்கு உன் பெரியப்பா வாசல்வரை வந்தார். உள்ளே முட்டை அட்டைகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். "முட்ட ஒடைக்க கையால எனக்கு ஒரு தண்ணிகூட தராதலே" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் நம் கடையிலிருந்து ஒரு பிஸ்கட்கூட அந்த வீட்டுக்குள் போனதில்லை. நான் கவலைப்படவில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கவலைப்பட்டேன். அதனால்தான் பின்கட்டில் தனி மேசை, தனித் தட்டு, தனிக் கரண்டி வைத்து முட்டை போடாத கேக்கையும் போட ஆரம்பித்தேன். நம்மவர்கள் வீட்டிலிருந்து யாராவது வந்து அதை வாங்கிப் போனால் எனக்குப் பொன்னாடை போர்த்தியதுபோல் இருக்கும். அதற்கு நம் கடையில் வைத்த பெயர் சைவம். சீட்டின் மூலையில் "சைவம்" என்று எழுதியிருந்தால் மாஸ்டர் தனி மேசைக்குப் போய்விடுவார்.

அந்தச் சீட்டுகள் இருந்த லட்சணம் உனக்கு மறந்திருக்காது. ரொட்டித் தாள், கேக் பெட்டி மூடி, பஸ் டிக்கெட்டின் பின்புறம், எது கைக்கு அகப்பட்டதோ அதில் எழுதிக் கம்பியில் குத்திவிடுவோம். யார் எழுதியது, யார் திருத்தியது என்று ஒன்றும் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தாலுகா ஆபீஸ்காரருக்கு "பூப்புனித நீராட்டு விழா வாழ்த்துகள்" என்று எழுதிய கேக்கை அனுப்பியதும் நாம்தான். அவர் அதை வெட்டாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "அண்ணாச்சி, நான் இன்னும் உக்காரலையே" என்றார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயமில்லை என்று அன்றைக்கே நீ சொன்னாய். "மொறயா எழுதணும்பா, வந்தவங்க என்ன சொன்னாங்கன்னு அப்பிடியே எழுதணும்" என்றாய். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தவறியவன் எனக்கு எழுதச் சொல்லித் தருகிறான் பார் என்று மாஸ்டரிடம் சொல்லி உன்னைக் கேலி செய்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் செல்வி என்ற அந்தப் பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்து உன்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்து மூன்று மாசம் ஆகிறது, பிள்ளைக்கு ஐந்து வயசு முடிகிறது, கீழே வந்து கொண்டாடுகிற முதல் பிறந்தநாள் என்று அவள் சொன்னது அடுப்புப் பக்கம் நின்ற என் காதில் விழுந்தது. பிள்ளைக்கு முட்டை சேராது என்று அவள் சொன்னது விழவில்லை. நீ சீட்டில், "அரைக் கிலோ, சைவம், யாழினி, 5, மாலை ஆறு மணி" என்று எழுதிக் கம்பியில் குத்திவிட்டு, கல்யாண மண்டபத்துக்கு ரொட்டி கொண்டுபோய்விட்டாய். அன்றைக்குச் சைவம் மொத்தம் மூன்று. மூன்றும் மத்தியானமே தயாராகிவிட்டன.

நாலு மணிக்குப் போன் வந்தது. உன் பெரியப்பா. முப்பது வருஷத்துக்குப் பிறகு அவராகவே கூப்பிட்டு, "பேத்திக்குப் பொறந்தநாளு, ஏதோ சைவமா போடுதியாமே, ஒண்ணு அனுப்பு" என்றார். புதிதாகப் போட நேரமில்லை, இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. கம்பியில் இருந்த மூன்று சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு நம் தெருக்காரர்கள். மூன்றாவது செல்வி. எஸ்டேட்டில் தேயிலை பறித்துவிட்டு வந்தவளுக்கு என்ன சைவம் வேண்டிக்கிடக்கிறது, ஊருக்குள் வந்ததும் பெரிய மனுஷர்களைப் பார்த்து அவளுக்கும் ஆசை வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று பூசி மெழுகுவானேன், மாஸ்டரிடம் வாய்விட்டே சொன்னேன். பேனாவை எடுத்து அந்தச் "சைவம்" என்ற வார்த்தையை அடித்தேன். அவளுடைய கேக்கில் பெயரை வழித்துவிட்டு உன் பெரியப்பா பேத்தியின் பெயரை எழுதச் சொன்னேன். அவளுக்கு அலமாரியில் இருந்த சாதாரண கேக்கில் யாழினி என்று எழுதி வைத்தோம். அந்த வார்த்தை கேக்கைப் பற்றியது. நான் அதை ஆளைப் பற்றியதாகப் படித்தேன்.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, இது முட்ட போடாததுதான?" என்று கேட்டாள். மகனே, அவள் கேட்டாள். அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். "சைவந்தான், சைவந்தான், எடுத்துட்டுப் போங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். தெரியவா போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவள் புருஷன் வந்தபோது நான் பின்கட்டில் இருந்தேன். "பிள்ளைக்கு மொகமெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாம கெடக்கு, முட்ட போடாமத்தான கேட்டோம்" என்று அவர் வாசலில் நின்று கத்தினார். என் மனசில் முதலில் ஓடியது பிள்ளை அல்ல, சீட்டு. கம்பியிலிருந்து அந்த ஒரு சீட்டை மட்டும் உருவி விறகடுப்புக்குள் போட்டேன். அது எரிந்து முடிகிறவரை நின்றேன். அதன் பிறகுதான் வெளியே வந்தேன். வந்ததும் உன்னைப் பார்த்து, "நீதானல சீட்டு எழுதின?" என்றேன். "எழுதினேம்பா, சைவம்னு எழுதினேன்" என்றாய். "எங்கல? காட்டு" என்றேன். நீ கம்பியில் தேடினாய். மேசைக்கு அடியில் தேடினாய். குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினாய். பக்கத்து ஜூஸ் கடைக்காரர், டீ வாங்க வந்தவர்கள், எல்லாம் தெரிந்தும் எனக்குப் பயந்து நின்ற மாஸ்டர், அந்தப் பிள்ளையின் அப்பா, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க உன் கன்னத்தில் அறைந்தேன். இருபத்தாறு வயசுப் பிள்ளையை. "ஒருவேள எழுதலையோ" என்று நீ உனக்குள்ளேயே முணுமுணுத்தாய். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைத்தான் நான் இத்தனை நாளும் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பிழைக்குமா என்று தெரியாத அந்த நேரத்திலும் உன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. நீ இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கிடந்துவிட்டு வந்தாய். வந்ததும் கடை வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாய். அதோடு விட்டிருந்தால்கூட நான் பாதி மனுஷன். நான் விடவில்லை. கடையில் ஏதாவது மாற்றவேண்டும் என்று நீ வாயைத் திறந்தால், "பிள்ளையக் கொல்லப் பாத்தவன் எனக்கு யோசன சொல்லுதான்" என்பேன். உனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட உன் அம்மா தடுத்திருக்காவிட்டால் சொல்லியிருப்பேன். நீ வேறு ஊரில் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோதும் அதைத்தான் சொல்லி உட்காரவைத்தேன். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி அது எனக்கு வசதியாக இருந்தது. எப்போது இழுத்தாலும் நீ நின்றாய்.

நீ செய்த படிவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாசமே அதைச் செய்துவிட்டாய். வாங்க வருகிறவர் தன் போனிலேயே நிரப்பலாம், தெரியாதவருக்கு நாம் அவர் முன்னாலேயே கேட்டு நிரப்பலாம். என்றைக்கு வேண்டும், யார் வந்து வாங்குவார், எத்தனை கிலோ, கேக் மேல் என்ன எழுதவேண்டும், முட்டை போட்டதா போடாததா, சாப்பிடுகிறவர் யாருக்காவது எதுவும் சேராமல் போகுமா. அவ்வளவுதான் கேள்வி. நிரப்பியதும் வாங்குகிறவர் போனுக்கு ஒரு நகல் போய்விடும். பிறகு யார் ஒரு எழுத்தை மாற்றினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். இதை வைத்து நான் உன்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? கேக் வாங்க வந்தவனிடம் ரேஷன் கார்டும் கேட்டுவிடு என்றேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பெயர் தப்பவில்லை, ஒரு பெட்டி மாறவில்லை. வரிசையில் நிற்கிற கூட்டமும் பாதியாகக் குறைந்தது. இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன், அது நல்ல வேலை. அதில் "சைவம்" என்ற வார்த்தையை நீ எங்கேயும் வைக்கவில்லை. "காலங்காலமா சொல்லுத வார்த்தை, அதுக்கு என்னல கொற?" என்று கேட்டதற்கு, "சைவம்னு போட்டா ஆளப் பாக்குதாங்கப்பா, முட்டன்னு போட்டா கேக்கப் பாப்பாங்க" என்றாய். தற்செயலாகச் சொல்கிறாய் என்று தேற்றிக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு பொத்தான் வைத்தாய். "அப்பா பார்த்தாச்சு" என்று அதற்குப் பெயர். என் போனில் நான் அதை அழுத்தினால்தான் எந்த ஆர்டரும் மாஸ்டர் கைக்குப் போகும். ஏன் என்று கேட்டேன். "எங் கை தப்பிரும்பா, நீங்க பாத்தாச் சரியா இருக்கும்" என்றாய். தப்பாத கை உன்னுடையது, அதற்குக் காவல் போட்டிருப்பது என்னை. இரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை அதை அழுத்துகிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளையின் பெயர் கண்ணில் வந்துவிட்டுத்தான் போகிறது. இப்போது நாகர்கோவில் கடை ஆர்டரும் என் போனுக்கே வரும், அங்கேயும் நான் பார்த்தால்தான் உனக்குத் தைரியம் என்று போன வாரம் சொன்னாய். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அந்தக் கடையின் பொத்தானிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. உன் கை தப்பவில்லை, என்றைக்கும் தப்பியதில்லை. வருகிறவர் முகத்தைப் பார்க்காதே, உடுத்தியிருப்பதைப் பார்க்காதே, ஊர் எது என்று கேட்காதே, அவர் சொல்வதை மட்டும் எழுது. உனக்குப் பிள்ளை பிறந்து அது ஒரு தப்பு செய்தால், யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையை ஓங்காதே. ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நான் சொன்ன பொய்யைச் செல்வி ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

இதுவரை நேற்று எழுதியது. அந்தக் கேள்வியை எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இன்று காலை அவளைப் பார்க்கப் போனேன். வீடு மாஸ்டருக்குத் தெரிந்திருந்தது. உமக்கு எப்படி வே தெரியும் என்று கேட்டேன். "தம்பி மாசாமாசம் போவாருல்லா, நானும் ரெண்டு மட்டம் கூடப் போயிருக்கேன்" என்றார். நீ போய்வருவது எனக்குத் தெரியாது. கதவைத் திறந்தது அந்தப் பிள்ளைதான். நன்றாக வளர்ந்திருக்கிறது. நான் வாங்கிப்போன வாழைப்பழத்தை நீட்டினேன். அது கையை நீட்டாமல், "இதுல முட்ட இருக்கா?" என்று கேட்டது. வாழைப்பழத்தில் முட்டை ஏது என்று நான் சிரிக்கப் போனேன். உள்ளே இருந்து வந்த செல்வி, "அது எல்லாத்துக்கும் அப்பிடித்தான் கேக்கும் அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துல தண்ணி குடுத்தாலும் கேக்கும். நம்ம இல்லன்னு சொன்னாலும் நம்பாது" என்றாள். அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

நான் வந்த காரியத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். நான்தான் அன்றைக்குப் பொய் சொன்னேன், என் மகனுக்கு அது தெரியாது, அவன் தன் தப்பு என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "தெரியாதா? அன்னைக்கே ஆஸ்பத்திரியில வச்சே சொல்லிட்டேனே. நீங்கதான் சிரிச்சிக்கிட்டே சைவம்னு சொல்லிக் குடுத்தியன்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரரு ஒங்க கடைக்கி வந்து ஒங்களப் பிடிச்சிக் கேக்கணும்னு நின்னாரு. ஒங்க மவன்தான் அவரு காலப் பிடிக்காத கொறையா நிறுத்தினாரு. 'எங்கப்பாவே சொல்லட்டும்க்கா, அவரா சொல்லுத வரைக்கும் நான் கேக்க மாட்டேன், நீங்களும் கேக்காதீங்க'ன்னாரு. நீங்க இன்னுமா சொல்லல?" என்றாள்.

இரண்டு வருஷம். பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் நீ அறிந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு என் முகத்தை ஒரு நொடி பார்ப்பாயே, அது பொறுமை என்று நினைத்து எரிந்து விழுந்தேன். நீ காத்திருந்திருக்கிறாய். "அப்பா பார்த்தாச்சு" என்று நீ வைத்தது கை தப்பும் என்ற பயத்தினால் அல்ல. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பி வைத்தாயா, சொல்லாததற்குத் தண்டனையாக வைத்தாயா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. தண்டனை என்றால் நான் உன்னை அடித்த அடியைவிட அது பலமாகவே விழுந்திருக்கிறது. இந்த விஷயத்தில் நீ என் பிள்ளைதான்.

மத்தியானம் கடைக்குத் திரும்பினேன். நீ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றாய். இப்போதே சொல்லிவிடலாம் என்று உன் பக்கத்தில் வந்து வாயைத் திறந்தேன். "முட்ட வந்தாச்சால?" என்றுதான் வந்தது. "வந்தாச்சுப்பா" என்றாய். என்னை அந்த ஒரு நொடி பார்த்துவிட்டு மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாய். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள் வைத்து அனுப்பினால் அது இன்னொரு கோழைத்தனம். நீ தனியாகப் படித்து, மடித்து வைத்துவிட்டு, போனில், "சரிப்பா" என்பாய். நான் தப்பித்துவிடுவேன். காலையில் செல்வி வீட்டிலிருந்து கிளம்பும்போது, நான் என்ன செய்யட்டும் என்று அவளிடம் கேட்டிருந்தேன். "நாலு பேரு பாக்கத்தான அடிச்சிய" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதை இன்று ராத்திரியே உன் கையில் தந்துவிடுவேன்; ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இதோடு கடைக்கு வா. உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா, அவள் கேட்கவேண்டும். மாஸ்டரிடமும் ஜூஸ் கடைக்காரரிடமும் இருக்கச் சொல்லிவிட்டேன். உன் பெரியப்பாவுக்கும் சொல்லியிருக்கிறேன், அவர் ருசித்துச் சாப்பிட்ட கேக் யாருடையது என்று அவருக்கும் தெரியட்டும். செல்வியின் புருஷனுக்கும் ஆள் விட்டேன், அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்னால், உன்னை நிறுத்தி அறைந்த அதே இடத்தில் நின்று இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கப் போகிறேன். பாதியில் எனக்குக் குரல் வராமல் போனால் இரக்கப்பட்டு, "விடுங்கப்பா" என்று சொல்லிவிடாதே. தாளை வாங்கி இந்தக் கடைசி வரிகளை நீயே சத்தமாக வாசி. நீ சைவம் என்றுதான் எழுதியிருந்தாய். சீட்டில் அதை அடித்தவன் நான். அதற்காக உன்னை அடித்தவனும் நான்.